அதற்குப் பிறகான அரை மணி நேரம்



நம் இதழின் மருத்துவர் பதில்கள் பகுதிக்கு வரும் கடிதங்களில் தாம்பத்தியம் பற்றியவை நிறைய. வலிக்கிறது, ஆசையே வரவில்லை, சீக்கிரம் முடிந்துவிடுகிறது, குழந்தை பிறந்த பிறகு நெருங்கவே பயமாக இருக்கிறது. கேள்விகளுக்கு மருத்துவர்கள் பதில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் கடிதத்தின் ஓரத்தில், கேள்வியாகக்கூட ஆகாமல், ஒரு வரி கிடக்கும். முடிந்ததும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார் என்று ஒரு மனைவி. அவள் உடனே எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள், நான் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி இருக்கிறது என்று ஒரு கணவர். காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, இதை யாரிடம் போய்க் கேட்பது என்று இன்னொருவர்.

இந்த மாதம் இந்தப் பக்கத்தை அந்த ஓரத்து வரிகளுக்குத் தருகிறேன். இரண்டு பேர் உடலால் நெருங்கி விலகிய பிறகு வரும் அரை மணி நேரமும், அதற்கு மறுநாளும், அந்த நெருக்கத்தைச் சேர்ந்தவைதான் என்பது என் உறுதியான எண்ணம். அதைக் கவனிக்காமல் விட்டே மனம் விட்டுப்போன தம்பதிகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் சண்டை போடுவதுகூட இல்லை. நெருங்குவதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு ஒருநாள் அடியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இது ஏதோ புதுக்காலத்து நாகரிகம் என்று நினைப்பவர்கள் வாத்ஸ்யாயனரை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். காமசூத்திரம் என்றதும் பலருக்கும் படங்கள்தான் நினைவுக்கு வரும். ஏறக்குறைய கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்த மூல நூலில் படங்களே கிடையாது. அதன் ஏழு பகுதிகளில் இரண்டாவதுதான் கலவியைப் பேசுகிறது. அந்தப் பகுதியின் கடைசி அத்தியாயம், கூடலை எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்பதையும் பேசுகிறது. அதில் அவர் முடிவைப் பற்றிச் சொல்லியிருப்பதை எப்போது வாசித்தாலும் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

கூடல் முடிந்ததும் இருவரும் கூச்சத்தோடு, ஒருவரையொருவர் பார்க்காமல், தனித்தனியே போய்ச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார்கள். வந்து உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள். அவன் தன் கையாலேயே அவள் உடம்பில் சந்தனமோ வேறு பூச்சோ தடவுகிறான். இடது கையால் அணைத்துக்கொண்டு, இதமாகப் பேசி, கிண்ணத்திலிருந்து அவளைக் குடிக்க வைக்கிறான். தண்ணீர், இனிப்புப் பண்டம், புளிப்புக் கஞ்சி, மாம்பழம் என்று அந்தந்த ஊர் வழக்கப்படி எதுவானாலும் சரி. ஒவ்வொன்றையும் தான் சுவைத்துப் பார்த்து, இது இனிப்பாக இருக்கிறது, இது மிருதுவாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். பிறகு மாடி. நிலா வெளிச்சத்தில் அவள் அவன் மடியில் சாய்ந்திருக்க, அவளுக்குப் பிடித்த கதைகளைப் பேசியபடி அவன் வானத்தைக் காட்டுகிறான். அருந்ததி, துருவன், ஏழு முனிவர்கள்.

நம் கல்யாணங்களிலும் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறார்கள். பெரும்பாலும் பட்டப்பகலில், புரோகிதர் கை காட்டிய பக்கம் இருவரும் ஒரு நொடி அண்ணாந்து பார்த்துவிட்டு மணவறைக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த நட்சத்திரம் உண்மையாகவே கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், பார்க்க நேரமும் மனமும் இருக்கிற நேரத்தில், அதைக் காட்டச் சொன்னவர் வாத்ஸ்யாயனர்.

அவர் மனதில் இருந்தது பணமும் ஓய்வும் படைத்த நகரத்து ஆண். சமையலுக்கு ஆள் உண்டு, மாடி உண்டு, விடிந்ததும் ஓட வேண்டிய வேலை கிடையாது. கவனிப்பவன் ஆண், கவனிக்கப்படுகிறவள் பெண் என்ற அவருடைய ஏற்பாட்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அவனுக்கு யார் தண்ணீர் கொடுப்பது? ஆனாலும் அந்த ஒரு பத்தியில் எல்லாம் இருக்கிறது. தாகம், பசி, தோலுக்கு இதம், அணைப்பு, பேச்சு, பேச்சு ஓய்ந்த பிறகு இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது. இவை தூங்கப் போவதற்கு முந்தைய சில்லறைக் காரியங்கள் என்று அவர் நினைக்கவில்லை. கூடல் சாஸ்திரத்துக்குள்ளேயே வைத்து எழுதினார்.

உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால் அவர் சொன்னதன் அருமை இன்னும் புரியும். கிளர்ச்சி ஏறும்போது இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, வேர்க்கிறது. உச்சத்துக்குப் பிறகு இது எல்லாமே வேகமாக இறங்குகிறது. புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுகிறது. நெருக்க உணர்வோடு தொடர்புடைய ஆக்ஸிடோசினும் அந்த நேரத்தில் சுரக்கிறது. வேர்வை காய்ந்ததும் உடம்பு சில்லிடும். ஒருவருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். மற்றவருக்கு அப்போதுதான் பேச வேண்டும், தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றும். தூங்கிப்போனவருக்கு அன்பு இல்லை என்று இவரும், இவர் சும்மா தொணதொணக்கிறார் என்று அவரும் முடிவு கட்டிக்கொண்டால் வருடக்கணக்கில் அந்த முடிவு மாறுவதில்லை.

அழுகை வருகிறது என்று எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் தனியாள் இல்லை. விருப்பத்தோடு, நல்லபடியாக நடந்த உறவுக்குப் பிறகும் காரணம் தெரியாத துக்கமோ பதற்றமோ எரிச்சலோ வருவதுண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். 230 மாணவிகளிடம் கேட்டதில் 46 சதவீதத்தினர் வாழ்வில் ஒரு முறையாவது அப்படி உணர்ந்திருந்தார்கள். அதே பல்கலைக்கழகத்தின் இன்னோர் ஆய்வு சில ஆண்டுகள் கழித்து 1,208 ஆண்களிடம் கேட்டது. அவர்களில் 41 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். ஆண்களைப் பற்றிய இந்த எண்ணை நான் வேண்டுமென்றே இங்கே எழுதுகிறேன். ஆணுக்கு முடிந்ததும் தூக்கம் வரும், துக்கம் வராது என்று நம்பித்தான் நம் ஊரில் எத்தனையோ ஆண்கள் இருட்டில் ஒன்றும் சொல்லாமல் படுத்திருக்கிறார்கள். அருகில் இருப்பவர் அழுதால், நான் என்ன செய்தேன் என்று உடனே விளக்கம் கேட்காதீர்கள். கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா, கொஞ்சம் தள்ளி இருக்கட்டுமா என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் சற்று நேரத்தில் அது தானாகத் தணியும். திரும்பத் திரும்ப வந்தாலோ, பழைய கொடுமை ஏதாவது நினைவில் எழுந்தாலோ மனநல ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

பிந்திய அன்புக்கு என்ன பலன் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 101 இணைகள் 21 நாள்கள் குறிப்பெழுதினார்கள். உறவுக்குப் பின் வழக்கத்தைவிட அதிக நேரம் அணைத்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்த நாள்களில் அவர்களுக்கு உடலுறவிலும் துணையுடனான வாழ்விலும் நிறைவு கூடியிருந்தது. மூன்று மாதம் கழித்துக் கேட்டபோதும் அதன் பலன் தெரிந்தது. அதே ஆய்வாளர்களின் இன்னொரு கணக்கெடுப்பில், குழந்தைகள் உள்ளவர்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்ததாம். அதில் எனக்கு வியப்பில்லை. நாள் முழுக்கப் பள்ளிக்கூடப் பை, டியூஷன், காய்ச்சல், இட்லி மாவு என்று ஓடுகிறவர்களுக்கு இருவர் மட்டுமே இருக்கிற கால் மணி நேரம் வேறு எப்போது கிடைக்கிறது?

இந்தக் கவனிப்பை இன்று உலகில் மிகவும் ஒழுங்காகச் செய்பவர்கள் யார் என்று கேட்டால், நம் வாசகர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடிய ஒரு பதிலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டுவது, அடிப்பது, கண்ணை மறைப்பது, ஒருவர் கட்டளையிட மற்றவர் பணிவது போன்றவற்றில் இன்பம் காண்பவர்கள். கிங்க் என்றும் பி.டி.எஸ்.எம். என்றும் அதைச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் இருக்கலாம். யாரையும் இழிவாகப் பார்க்க இந்தப் பக்கத்தில் இடம் இல்லை. பாதுகாப்பு, தெளிந்த புத்தி, இருவர் சம்மதம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லும் கொள்கை 1983-இல் நியூயார்க்கில் இயங்கிய தன்பாலீர்ப்பு ஆண்களின் அமைப்பு ஒன்றிலிருந்து பரவியது. நிறுத்து என்பதற்கு முன்கூட்டியே ஒரு சொல் பேசி வைத்துக்கொள்வதும், எல்லாம் முடிந்த பிறகு ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் ஆஃப்டர்கேரும் அவர்களிடம் வழக்கமாகவே ஆகிவிட்டன.

நம் மண்ணுக்கும் இதற்கும் ஒரு வேதனையான தொடர்பு உண்டு. கூடலின்போது அடிப்பதைப் பற்றி எழுதும் அத்தியாயத்தில் வாத்ஸ்யாயனர் தென்னாட்டு வழக்கமாக நான்கு வகை அடிகளைக் குறிப்பிடுகிறார். குறிப்பிட்ட கையோடு, இவை கொடியவை, பண்பற்றவை, ஏற்கக்கூடாதவை என்று கண்டிக்கிறார். மார்பில் அடிக்கும் வகையால் சோழ அரசன் ஒருவன் சித்திரசேனை என்ற கணிகையைக் கொன்றுவிட்டான் என்கிறார். குந்தள நாட்டுச் சாதவாகன மன்னன் தன் தேவி மலயவதியைக் கொன்றதையும், நரதேவன் என்பவன் குறியில்லாமல் அடித்து ஒரு நடனப் பெண்ணின் கண்ணைப் போக்கியதையும் அடுத்தடுத்துச் சொல்கிறார். பின்னாளில் உரை எழுதியவர் அந்த நரதேவனைப் பாண்டியனின் சேனாபதி என்கிறார். வேகம் ஏறிவிட்டால் காயம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் அந்த இடத்தில் வாத்ஸ்யாயனரின் கவலை. உயிரிழந்த இரு பெண்களின் பெயர்களை அவர் எழுதி வைத்ததால் இன்று நமக்குத் தெரிகிறது. பெயர் பதியாமல் போனவர்கள் எத்தனை பேரோ.

ஆகவே இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிந்ததும் முதலில் கட்டை அவிழ்த்துவிடுங்கள். கை கால் விரல்களை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்கையில் கயிறு அழுத்தினால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகலாம். மரத்துப்போனது போல இருக்கிறது என்று நடுவில் சொன்னால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். கட்டை அவிழ்த்த பிறகும் உணர்வு திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். கன்றிய இடத்தில் முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், ஒன்றிரண்டு நாள் கழித்து இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம். நடுக்கம் வரும் என்பதால் போர்வை பக்கத்திலேயே இருக்கட்டும். தண்ணீரும் கொஞ்சம் இனிப்பும் இருக்கட்டும். கழுத்தை நெரிப்பது மட்டும் வேண்டாம். அதைப் பத்திரமாகச் செய்ய வழியே கிடையாது. சில நொடிகளில் நினைவு தப்பும். கழுத்து இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, நாள்கள் கழித்துப் பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே நடந்திருந்து, குரல் மாறியிருந்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ கூச்சப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

இந்த வழியில் போகிறவர்களிடமிருந்து எல்லோரும் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. மனச் சரிவு உடனே வர வேண்டும் என்பதில்லை, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்தும் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். பணிந்து நின்றவருக்கு வருவது போலவே கட்டளையிட்டவருக்கும் வரும். நான் அப்படி நடந்துகொண்டேனே, என்னை என்ன நினைப்பார்கள் என்று அவர் குமைந்துகொண்டிருக்கலாம். அதனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒரு விசாரிப்பு வைத்துக்கொள்கிறார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்பதையும் முன்னாலேயே கேட்டுவிடுகிறார்கள். ஒருவருக்கு அணைப்பு வேண்டும். இன்னொருவருக்குப் பத்து நிமிடம் யாரும் தொடாமல் இருக்க வேண்டும், பிறகு பேச்சு வேண்டும். இதைச் சாதாரணத் தம்பதிகள் எத்தனை பேர் தங்களுக்குள் கேட்டிருப்போம்?

நம் வீடுகளின் நிலைமை எனக்குத் தெரியும். ஒரே அறையில் குழந்தைகள் தூங்கும். மாமியாரின் கட்டில் சுவருக்கு அந்தப் பக்கம். கழிப்பறை கொல்லைப்புறத்தில், தாழ்ப்பாளைத் திறந்தால் ஊருக்கே கேட்கும். இப்படிப்பட்ட வீட்டில் மாடிக்கும் நிலாவுக்கும் எங்கே போவது என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. ஒரு செம்புத் தண்ணீர், ஒரு சுத்தமான துண்டு, ஒரு போர்வை. இவ்வளவையும் படுக்கும் முன்பே தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம். பேச முடியாவிட்டால் முதுகில் கை வைத்துத் தடவிக் கொடுக்கலாம். எழுந்து போக வேண்டியவர், இதோ வந்துவிடுகிறேன் என்று காதோடு சொல்லிவிட்டுப் போகலாம். அதிலேயே பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

முதலிரவு அறையில் பாலும் பழமும் இனிப்பும் வைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அது நல்ல வழக்கம். ஆனால் மறுநாள் காலையை நாம் நடத்துகிற விதத்தை நினைத்தால் எனக்கு மனம் வலிக்கிறது. இரவெல்லாம் புது இடத்தில், அநேகமாகப் புது மனிதரோடு இருந்துவிட்டு வரும் பெண்ணின் முகத்தை உறவுக்காரர்கள் ஆராய்கிறார்கள். தலைக்குக் குளித்தாயா என்று கேட்கிறார்கள். அத்தைகளும் நாத்தனார்களும் கேலி பேசுகிறார்கள். மாப்பிள்ளையை அவன் நண்பர்கள் வேறு விதமாகப் படுத்துகிறார்கள். உடம்பு எப்படி இருக்கிறது, வலி ஏதும் உண்டா, கொஞ்சம் படுத்துக்கொள்கிறாயா என்று கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்போது அந்தக் காலையில் அந்த இருவரையும் சற்றுத் தனியாக விடுங்கள். புது மனைவியின் நம்பிக்கையைப் பெறும் வரை அவசரப்படாதே, முதல் மூன்று இரவுகள் கூடலே வேண்டாம் என்று மணமகனுக்குச் சொன்னவர் அதே வாத்ஸ்யாயனர்தான்.

உடல் நலம் பற்றி மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வதையும் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பது பெண்களுக்கு நல்லது, சிறுநீர்க் குழாய் குட்டையாக இருப்பதால் கிருமி எளிதில் ஏறிவிடும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே சோப்போ வேறு திரவமோ விட்டுக் கழுவக் கூடாது, அங்கே இருக்கும் நல்ல நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டுவிடும். உறவுக்குப் பின் அடிக்கடி இரத்தம் கசிந்தால் கருப்பை வாய்ப் பரிசோதனை தேவை. மாதவிடாய் நின்ற பிறகு ஒரே ஒரு முறை கசிந்தாலும் காட்ட வேண்டும். ஆணுறை கிழிந்துவிட்டால் அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் போட வேண்டும். மருந்துக் கடைக்குப் போகும் பொறுப்பு இருவருடையது, அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். எச்.ஐ.வி. தொற்று அச்சம் இருந்தால் அதற்கான தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள்கள் சாப்பிட வேண்டும். வயதான ஆண்களுக்கு ஒரு வார்த்தை. நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், சில்டெனாஃபில் போன்ற மாத்திரை போட்டிருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தெரியாமல் கொடுக்கப்படும் நைட்ரேட் மருந்து இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லிவிட வேண்டும். விருப்பமில்லாதவரை வற்புறுத்திவிட்டுப் பிறகு கட்டியணைத்துக் கொஞ்சுவதற்கு இந்தப் பக்கத்தில் எழுதிய எதுவும் பொருந்தாது. அடித்துவிட்டு மறுநாள் மல்லிகைப்பூ வாங்கி வருகிறவருக்கும் பொருந்தாது. அப்படிப்பட்ட பரிவு, அடுத்த கொடுமையையும் பொறுத்துக்கொள்ள ஒருவரைப் பழக்குகிறது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் நிற்காதவரோடு வாழ்கிறீர்கள் என்றால், பெண்களுக்கான உதவி எண் 181. எந்த நேரமும் அழைக்கலாம். நம்பிக்கையான ஒருவரிடமாவது இன்றே சொல்லுங்கள்.

திருக்குறளின் காமத்துப்பாலில் புணர்ச்சி மகிழ்தலுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. பிரிவாற்றாமை தொடங்கி ஊடலுவகை வரை, பிரிந்த மனதின் பாட்டையும் ஊடலையும் பேச வள்ளுவர் பதினெட்டு அதிகாரங்களை எடுத்துக்கொண்டார். வேலை நிமித்தம் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவர்களுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். விடுமுறை முடிந்து விமானம் ஏற்றிவிட்டு வீடு திரும்பிய மனைவிக்கு அந்தப் படுக்கையில் வரும் துக்கத்தை யாரும் பேசுவதில்லை. அங்கே எட்டுப் பேர் தங்கும் அறையில் போய்ப் படுத்துக்கொள்ளும் கணவனுக்கும் அதே துக்கம்தான். போய்ச் சேர்ந்தாயிற்று என்ற தகவலோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த முதல் வாரத்தில் தினமும் கொஞ்ச நேரம் பேசுங்கள். பணம் அனுப்புவது, வீட்டு ரிப்பேர் எல்லாம் அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்.

இந்த விஷயத்தில் உங்களுக்கு எது இதமாக இருக்கிறது, எது இன்னும் கேட்க முடியாமல் இருக்கிறது என்பதை எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். மகப்பேறு மருத்துவரும் மனநல ஆலோசகரும் சேர்ந்து பதில் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆண்களின் கடிதங்களை நான் குறிப்பாக எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்